ஒரு பகலில் தஞ்சை

பொருள்களை அறிதற்குரிய வழிகளை நம் முன்னோர் அளவைகள் என்றனர். அவற்றுள் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றும் தலையாயவை. கண் முதலிய புலன்களால் நேரே அறிவது காண்டல். அறிந்த ஒன்றைக் கொண்டு அறியாத ஒன்றை உய்த்துணர்வது கருதல். சான்றோர் சொல்லாலும் நூலாலும் அறிவது உரை. பள்ளியிலும் கல்லூரியிலும் நாம் கற்கும் வரலாறு பெரும்பாலும் உரையோடு நின்றுவிடுகிறது. அரசர் பெயரையும் ஆண்டையும் மனப்பாடம் செய்கிறோம். தேர்வு முடிந்ததும் மறந்து விடுகிறோம். வரலாறு நெஞ்சில் நிலைக்க வேண்டுமானால் ஏனைய இரண்டும் அதனோடு சேர வேண்டும். அதற்கு நெடும்பயணமோ பெரும்பொருளோ வேண்டுவதில்லை. ஒரு பகற்பொழுதும், நடக்கும் கால்களும், குறிப்பேடு ஒன்றும் போதும்.

நகரங்களுள் என் மனத்துக்கு மிகவும் உகந்தது தஞ்சை. ஆசிரியப் பணியிலிருந்த காலத்தில் பல முறை மாணவரை அங்கு அழைத்துச் சென்றதுண்டு. ஆனால், நாற்பது சிறுவரோடு செல்லும் ஆசிரியன் கோபுரத்தைப் பார்ப்பதில்லை. தலைகளை எண்ணிக் கொண்டிருப்பான். ஓய்வு பெற்ற பின், தைத் திங்களில் ஒரு நாள் விடியற்காலையில், இன்று தஞ்சைக்குச் சென்று வருவோம் என்னும் எண்ணம் திடீரென எழுந்தது. துணைக்கு எவரையும் அழைக்கவில்லை, திட்டமும் வகுக்கவில்லை. குடையையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு திருச்சிராப்பள்ளியில் புகைவண்டி ஏறினேன். இவ்விரு நகரங்களையும் இணைக்கும் இருப்புப்பாதை 1862-ஆம் ஆண்டிலேயே போடப்பட்டது. வண்டியின் இருபுறமும் அறுவடைக்கு நின்ற வயல்களைப் பார்த்துக்கொண்டே சென்றால், இந்நாட்டில் இத்துணைப் பெரிய கோயில் எழுந்தது எதனால் என்னும் வினாவுக்கு விடையின் முதற்பகுதி கிடைத்துவிடும். நெல் இல்லாத நாட்டில் கல் உயராது.

பெரிய கோயிலின் அருகே ஓடும் கால்வாயைத் தஞ்சை மக்கள் புது ஆறு என்பர். மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்ந்து 1934-இல் முடிவுற்ற கால்வாய் அது. தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் அதன் பெயர் புது ஆறுதான். ஆயிரம் ஆண்டுக் கோயிலின் பக்கத்தில் ஓடும் ஆறு அவ்வாறு அழைக்கப்படுவதில் வியப்பில்லை.

கோயிலுக்குள் நான் நுழைந்தபோது காலை ஒன்பது மணி. விமானத்தின் மேற்குப் புறத்தில் ஒரு பள்ளிக் குழுவினர் நின்றிருந்தனர். அவர்களுக்கு விளக்கம் கூற வந்தவர், “இவ்விமானத்தின் நிழல் தரையில் விழாது” என்று பெருமிதத்தோடு சொல்லிக் கொண்டிருந்தார். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டனர். அவர்களுள் ஒரு சிறுவன் மட்டும் தன் காலடியைப் பார்த்துவிட்டு, “அப்படியானால் ஐயா, நாம் இப்போது நிற்பது எதன் நிழலில்?” என்று கேட்டான். வெயிலுக்கு ஒதுங்கி அவர்கள் அனைவரும் நின்றது விமானத்தின் நிழலிலேதான்! விளக்கம் கூறியவரும் நல்ல மனிதர், சிரித்துவிட்டார். அச்சிறுவனுக்கு என் மனத்துள் நூற்றுக்கு நூறு மதிப்பெண் வழங்கினேன்.

நிழல் விழாது என்பது உரை. அதைக் காண்டல் மறுத்தது. எனினும், இக்கூற்று எவ்வாறு எழுந்திருக்கக்கூடும் என ஆராய்வது கருதலின் வேலை. விமானத்தின் உயரம் 216 அடி என்பர். அடித்தளம் ஏறத்தாழ 100 அடிச் சதுரம். உச்சியிலிருந்து நேர்க்கோடு ஒன்று கீழே இறங்கினால் அது சதுரத்தின் நடுவில் விழும். அங்கிருந்து அடித்தளத்தின் விளிம்பு 50 அடி. கதிரவன் தஞ்சைக்கு நேர் உச்சியில் வருவது ஆண்டுக்கு இரு முறை: சித்திரை மாதத் தொடக்கத்தில் ஒருமுறை, ஆவணி மாதத் தொடக்கத்தில் மற்றொரு முறை. அந்நாள்களின் நண்பகலில் உச்சியின் நிழல் அடித்தளத்திற்குள்ளேயே அடங்கிவிடும். தரையில் நிழலைக் காண இயலாது. அதைக் கண்ட ஒருவர் சொன்னது, நண்பகல் என்பதும் சித்திரை என்பதும் உதிர்ந்துபோய், எந்நாளும் விழாது என வளர்ந்திருக்கலாம். தை மாதத்திலோ கதிரவன் தெற்கே சாய்ந்திருப்பான். நிழலின் நீளம் உயரத்தில் பாதிக்குச் சற்று மேல் இருக்கும். ஆதலின், நண்பகல் வரை காத்திருந்து வடபுறம் சென்று பார்த்தேன். கணக்குத் தவறவில்லை. அடித்தளத்தைக் கடந்து தரையில் நிழல் நன்றாக விழுந்திருந்தது. சிகரம் ஒரே கல்லால் ஆனது என்பதும் இத்தகைய கூற்றே. அது பல கற்களை இணைத்து அமைக்கப்பட்டது என்பதே ஆய்வாளர் கருத்து. இவற்றால் சோழர் காலத் தச்சரின் பெருமை சிறிதும் குறைவதில்லை. மலையே இல்லாத சமவெளிக்குத் தொலைவிலிருந்து கருங்கல் கொணர்ந்து, அதனை இவ்வளவு உயரத்திற்கு ஏற்றியது பொய்க்கதையின் துணை வேண்டாத பெருமையன்றோ?

நண்பகலுக்கு முன் கிடைத்த மூன்று மணி நேரமும் கல்வெட்டுகளைப் படிப்பதில் கழிந்தது. இக்கோயிலைக் கட்டியவர் யார் என்பதையே தமிழ்நாடு ஒரு காலத்தில் மறந்திருந்தது. தலபுராணம் கரிகாலனைக் கூறிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர் ஹுல்ஷ் இக்கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்ட பின்னரே, முதலாம் இராசராசன் பெயர் ஐயத்திற்கு இடமின்றி நிலைபெற்றது. இத்தனைக்கும் அச்செய்தி எங்கும் ஒளிக்கப்பட்டிருக்கவில்லை. யாவரும் வலம்வரும் விமானத்தின் அடித்தளத்திலேயே, தான் எடுப்பித்த கற்கோயில் இதுவென மன்னன் பொறித்து வைத்திருக்கிறான். நூற்றுக்கணக்கான ஆண்டுகள் மக்கள் அதனைக் கடந்து சென்றனர், படிப்பார்தாம் இல்லை.

அம்மன்னன் பொறிக்கச் சொன்னது தன் கொடையை மட்டும் அன்று. தான் கொடுத்தவற்றோடு, தமக்கை குந்தவை கொடுத்தவையும், தேவியர் கொடுத்தவையும், பிறர் கொடுத்தவையும் கல்லில் வெட்டப்பட வேண்டும் என்பது அவன் ஆணை. விமானத்தின் உச்சியில் வைக்கப் பொன் வேய்ந்த செப்புக்குடம் கொடுத்தது அவன் ஆட்சியின் 25-ஆம் ஆண்டு, 275-ஆம் நாள், அஃதாவது கி.பி. 1010. ஆடல் மகளிர் நானூற்றுவர் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைக்கப்பட்டுத் தளிச்சேரியில் குடியமர்த்தப்பட்டனர். ஒவ்வொருவர் பெயரும், முன்பு அவர் இருந்த கோயிலும் கல்லில் உள்ளன. ஒருவர்க்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் நூறு கலம் நெல். கணக்கர், குயவர், நாவிதர், தையற்காரர், தட்டார், ஆடை வெளுக்கும் ஈரங்கொல்லிகள் ஆகியோர்க்கும் பங்கு குறிக்கப்பட்டுள்ளது. நந்தா விளக்கு ஒன்றுக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடுகள். ஆட்டுக்குப் பதிலாகப் பசுவாயின் 48, எருமையாயின் 16. மன்னர் பெயரை மட்டும் சொல்லும் பாடநூலில் இக்குயவரும் ஈரங்கொல்லியும் இடம் பெறுவதில்லை. கல் அவர்களையும் நினைவில் வைத்திருக்கிறது.

கோயில் வளாகம் முழுவதும் ஒரே காலத்தது அன்று. அம்மன் கோயில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர் ஆட்சியில் எழுந்தது. முருகன் கோயிலும் பெரிய நந்தியும் நாயக்கர் காலத்தவை. தென்மேற்குப் பகுதிச் சுவரில் போன்சலே மரபின் வரலாறு மராத்தி மொழியில் 1803-இல் பொறிக்கப்பட்டது. 1931-ஆம் ஆண்டில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எசு. கே. கோவிந்தசாமி, கருவறையைச் சூழ்ந்த இருண்ட நடைவழியில், உதிர்ந்த நாயக்கர் ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதைக் கண்டார். பின் வந்தோர் முன்னோர் செய்ததை முற்றும் அழிக்காமல் அதன் மேலும் பக்கத்திலும் தம் பணியைச் சேர்த்தனர். தஞ்சை நகர் முழுமைக்கும் இதுவே இயல்பு.

வாழையிலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அரண்மனைக்கு நடந்தேன். வழியில், கோயிலை அடுத்த சிவகங்கைப் பூங்காவில், 1779-இல் எழுந்த சுவார்ட்சு பாதிரியாரின் தேவாலயம் உள்ளது. மரணப் படுக்கையில் கிடக்கும் அப்பெரியாரை மன்னர் சரபோஜி காண வந்த காட்சியை, ஆங்கிலச் சிற்பி பிளாக்ஸ்மன் சலவைக் கல்லில் செதுக்கியிருக்கிறார். சரபோஜியின் கல்வியில் அக்கறை கொண்டவர் சுவார்ட்சு. மாணவர் ஆசிரியர்க்கு எழுப்பிய நினைவுச் சின்னம் அது. ஆசிரியனாக இருந்த எவனும் அதன் முன் சற்று நேரம் நிற்காமல் செல்ல மாட்டான்.

சரபோஜி 1798 முதல் 1832 வரை அரசராக இருந்தார். ஆனால், 1799 உடன்படிக்கைக்குப் பின் நாட்டின் ஆட்சி கும்பெனியார் கைக்குச் சென்றது. கோட்டையும் அதன் சூழலுமே அவர்க்கு எஞ்சின. நாடிழந்த அம்மன்னர் நூல்களைத் திரட்டினார். காசி யாத்திரை சென்றபோதும் சுவடிகளோடு திரும்பினார். நாயக்கர் காலத்தில் தோன்றிய சரசுவதி மகால் நூலகம் அவர் முயற்சியால் பெருகியது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகள் இன்று அங்குள்ளன. கண்நோயாளிகளுக்குச் செய்த மருத்துவத்தைக் கண்ணின் படத்தோடு எழுதி வைத்த குறிப்புகளும் அவற்றுள் அடக்கம். 1855-இல் மன்னர் மரபு முடிவுற்றது, படை கலைந்தது, யானையும் பல்லக்கும் போயின. நூலகம் நின்றது. 1918-இல் அது பொதுமக்களுக்கு உரியதாயிற்று.

அரண்மனைக் கலைக்கூடத்தில் ஒரு செப்புத் திருமேனியைக் கண்டேன். திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த இடபவாகனர் அது. 1011-ஆம் ஆண்டைச் சார்ந்தது. பெருமான் ஒரு காலை மறுகாலின் குறுக்கே வைத்து, வலக்கையை எதன்மீதோ ஊன்றியவாறு சாய்ந்து நிற்கிறார். ஊன்றிய இடத்தில் ஒன்றும் இல்லை. அங்கிருந்த காளை கிடைக்கவில்லை. ஆயினும், கை வளைந்திருக்கும் பாங்கைக் கொண்டே காளையின் உயரத்தையும் நிலையையும் நாம் மனத்தில் வரைந்துகொள்ள முடிகிறது. கருதல் என்னும் அளவைக்கு இதைவிட நல்ல பாடத்தை நான் வகுப்பறையில் கண்டதில்லை.

மாலையில் கீழவாசல் பீரங்கி மேட்டை அடைந்தேன். இரகுநாத நாயக்கர் காலத்துப் பெரும் பீரங்கி அங்குள்ளது. நீளம் ஏறத்தாழ 26 அடி. இது வார்ப்படம் அன்று. இரும்புப் பட்டைகளை நீளவாட்டில் அடுக்கி, அவற்றின்மேல் வளையங்களைக் காய்ச்சி இறுக்கி, அடித்துப் பொருத்திய வேலை. இந்நாட்டுக் கொல்லரின் கைத்திறன் என்பது உலோக ஆய்வாளர் முடிவு. அதே நாயக்கர்தாம் 1620-இல் டேனியருக்குத் தரங்கம்பாடியில் இடமளித்தவர். ஆக, சோழர், பாண்டியர், நாயக்கர், மராத்தியர், ஐரோப்பியர் என எண்ணூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்றை ஒரே பகலில், சில கல் தொலைவுக்குள், காலால் நடந்தே ஒருவன் கண்டுவிட முடிகிறது.

மாணவ நண்பர்களே! கூட்டமாகச் செல்லும் சுற்றுலாவை நான் குறை கூறவில்லை. அதில் தோழமை உண்டு. ஆனால், ஓராண்டில் ஒருநாளேனும் தனியே செல்லுங்கள். ஒரு கல்லின் முன் ஒரு மணி நேரம் நின்றாலும், வா போகலாம் என்று இழுப்பார் இல்லாத பயணம் அது. மூன்று வினாக்களைக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதிக் கொள்ளுங்கள். இதைச் செய்தவர் யார்? அதனை நாம் எவ்வாறு அறிந்தோம்? இதற்கு முன் இங்கே என்ன இருந்தது? தஞ்சைக்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊர்க் கோயிலின் சுவரிலும், ஏரி மதகின் கல்லிலும் எழுத்திருக்கலாம்.

அவ்வெழுத்துகள் என்றும் இருக்கும் என எண்ணிவிட வேண்டா. சுண்ணாம்புப் பூச்சில் மறைந்தவை பல. திருப்பணியின்போது மணலைப் பீய்ச்சித் தூய்மை செய்த இடங்களில் மழுங்கிப் போனவையும் உண்டு. பிரித்துக் கட்டுகையில் முறைமாற்றி அடுக்கப்பட்டுத் தொடர்பிழந்தவை எத்தனையோ! இவற்றைச் செய்தவர்கள் பகைவர் அல்லர். அது எழுத்து என்றும், அதில் தம் ஊரின் பெயர் இருக்கிறது என்றும் அறியாதவர்கள். பணி தொடங்கும் நாளில், ‘சற்றுப் பொறுங்கள், இதில் எழுத்திருக்கிறது’ என்று சொல்ல ஊருக்கு ஒருவர் இருந்தால் போதும், ஒரு கல்வெட்டுப் பிழைக்கும். தன் காலடி நிழலைப் பார்த்து வினவிய அச்சிறுவனைப் போன்ற ஒருவரே அதைச் சொல்லக் கூடியவர். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.