பாட்டில்ல தண்ணி, சுவத்துல போர்டு

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா செட்டியார்பட்டி, ராஜபாளையம் பக்கம். அம்மாவுக்குக் கொஞ்ச நாளா அடிவயித்துல ஒரு கனம். டாக்டர் அப்டமன், பெல்விஸ் ரெண்டும் சேர்த்து ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். ராஜபாளையத்துல ஸ்கேன் சென்டருக்குள்ள நுழைஞ்சதும், "தண்ணி நிறைய குடிங்கம்மா, யூரின் முட்டினதும் சொல்லுங்க"ன்னு சொல்லிட்டாங்க.

அம்மா பாட்டிலும் கையுமா உக்காந்து எதிர்ச்சுவத்துல இருந்த போர்டைப் படிச்சாங்க. கருவுல இருக்கிறது ஆணா பெண்ணான்னு சொல்றது குற்றம்னு எழுதியிருக்குமே, அந்த போர்டு. படிச்சிட்டு சாதாரணமா சொன்னாங்க: "நான் மூணாவது பொண்ணு. இந்த மிஷின் அப்பவே வந்திருந்தா, இப்ப இங்க உக்காந்து தண்ணி குடிச்சிட்டு இருக்க மாட்டேன்டா."

எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. அதான் இந்த எபிசோடு.

முதல்ல தண்ணி எதுக்குன்னு பாத்துடலாம். ப்ரோப்ல இருந்து காதுக்குக் கேக்காத ஒலி உள்ள போகுது, வினாடிக்கு சில பத்து லட்சம் அதிர்வு. பத்து சென்டிமீட்டர் ஆழத்துல பட்டு எதிரொலி திரும்ப, வினாடியில பத்தாயிரத்துல ஒரு பங்கை விடக் கொஞ்சம் கூடுதலா நேரமாகும். அந்த நேரத்தை வெச்சு மிஷின் ஆழத்தைக் கணக்குப் போடுது. காத்துதான் இதுக்கு எதிரி. குடல்ல இருக்கிற காத்துல பட்டா ஒலி அப்படியே திரும்பிடும், பின்னாடி எதுவும் தெரியாது. மூத்திரப்பை நிறைஞ்சா குடலை மேல தள்ளிடும், தண்ணி வழியா ஒலி தடையில்லாம போகும். கர்ப்பப்பையைப் பாக்க அது ஒரு ஜன்னல் மாதிரி.

இந்த மிஷின் கர்ப்பத்துக்காகப் பிறந்ததுன்னுதான் நான் நினைச்சிட்டு இருந்தேன். ஆரம்பம் வயித்துக் கட்டி. 1955ல கிளாஸ்கோவுல இயன் டொனால்டுன்னு ஒரு மகப்பேறு டாக்டர், ஆபரேஷன்ல எடுத்த கட்டிகளைக் கார் டிக்கில போட்டுக்கிட்டு ஒரு பாய்லர் கம்பெனிக்குப் போனார். இரும்புல விரிசல் இருக்கான்னு ஒலியால சோதிக்கிற கருவி அங்க இருந்தது. கட்டி மேல வெச்சுப் பாத்தா, நீர்க்கட்டிக்கு ஒரு மாதிரி எதிரொலி, கெட்டிக் கட்டிக்கு வேற மாதிரி. அப்புறம் டாம் பிரவுன்னு ஒரு இன்ஜினியர் சேர்ந்தார். அப்ப அவருக்கு இருபது சொச்சம்தான், நம்ம வயசு மக்களே. மனுஷ உடம்புக்கான ஸ்கேனரை அவர் கட்டினார்.

வயித்துல புற்றுநோய் முத்திடுச்சு, ஒண்ணும் செய்ய முடியாதுன்னு சொல்லிட்ட ஒரு அம்மாவை அவங்க ஸ்கேன் பண்ணிப் பாத்தாங்க. தெரிஞ்சது பெரிய நீர்க்கட்டி. சினைப்பையில இருந்து வந்தது. வெட்டி எடுத்தாங்க, அந்த அம்மா பிழைச்சாங்க. 1958ல 'லான்செட்' இதழ்ல கட்டுரையா வந்துச்சு.

இந்த டொனால்டு கருக்கலைப்பைக் கடுமையா எதிர்த்தவர். அவர் கொண்டு வந்த கருவி நம்ம நாட்டுல எதுக்குப் போச்சுன்னு பாருங்க.

நம்ம ஊர்ல கொலை மிஷினுக்கு முன்னாடியே இருந்தது. 1986ல உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலை பத்தி 'இந்தியா டுடே' எழுதினதும் நாடே அதிர்ந்துச்சு. அப்புறம் அந்த ஊர் பேரையே இதுக்கு அடையாளமா ஆக்கிட்டோம், மத்தவங்க எல்லாம் நிம்மதியா இருக்கலாம்னு. ஆனா அதே சமயத்துல வேலூர் பக்கம் கே.வி.குப்பம் வட்டாரத்துல சாபு ஜார்ஜும் கூட இருந்தவங்களும் 12 கிராமங்களைத் தொடர்ந்து கவனிச்சாங்க. அங்கேயும் நடந்தது. 1992ல சேலத்துல தொட்டில் குழந்தைத் திட்டம் வந்துச்சு. 2001 கணக்கெடுப்புல சேலம் மாவட்டத்துல ஆறு வயசு வரைக்கும் 1000 ஆண் குழந்தைக்கு 851 பெண் குழந்தைங்க.

ஸ்கேன் வந்தப்புறம் கள்ளிப்பாலுக்கு வேலை குறைஞ்சது. பிறக்கிறதுக்கு முன்னாடியே முடிச்சிடலாமே. 1994ல சட்டம் போட்டாங்க, 1996 ஜனவரில அமலுக்கு வந்துச்சு, ஆனா பேப்பர்லயே கிடந்தது. அதே சாபு ஜார்ஜ் ரெண்டு அமைப்புகளோட சேர்ந்து 2000ல உச்ச நீதிமன்றம் போனார். அதுக்கப்புறம்தான் பதிவு இல்லாத மிஷினைத் தேட ஆரம்பிச்சாங்க. 2003ல சட்டத்தை இன்னும் இறுக்கினாங்க.

இப்ப கர்ப்பிணியை ஸ்கேன் பண்ணினா ஒவ்வொரு தடவையும் 'ஃபார்ம் எஃப்' நிரப்பணும். எதுக்கு ஸ்கேன், யார் எழுதிக் கொடுத்தது, எத்தனை குழந்தை, எல்லாமே. கிளார்க் தப்புக்கு எல்லாம் மிஷினுக்கு சீல் வைக்கிறாங்கன்னு டாக்டர்கள் வழக்குப் போட்டாங்க. 2019ல உச்ச நீதிமன்றம் ஒத்துக்கல. டாக்டர்கள் கோபம் எனக்குப் புரியுது. ஆனா ஆபீஸ்ல லாக் எழுதாத புரோகிராமை நான் நம்ப மாட்டேன். நாலு சுவத்துக்குள்ள, டாக்டரோட ஒரு சிரிப்புல நடந்து முடியிற குற்றத்துக்கு அந்த ஃபாரத்தை விட்டா வேற என்ன தடயம் இருக்கு?

அம்மாவுக்கு ஃபார்ம் கேக்கல, அறுபதை நெருங்குறாங்க. கர்ப்பப்பையில சின்னதா ஒரு நார்க்கட்டி. பயப்பட வேணாம், ஆறு மாசம் கழிச்சுத் திரும்பப் பாக்கலாம்னு டாக்டர் சொன்னார். அம்மா அதைக் காதுல வாங்கினாங்களான்னே தெரியல. "பாத்ரூம் எங்கம்மா இருக்கு?"ன்னு கேட்டுக்கிட்டே ஓடிட்டாங்க.