அருவியூருக்கு எல்லை எது? சிற்றாற்றின் தலைப்பகுதியில் நகரமைப்பு

குற்றாலத்தில் நிலையாகக் குடியிருப்போர் சில ஆயிரம் பேர்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான சீசனில் சாரல் நன்றாக இருந்தால், ஒரே விடுமுறை நாளில் அதைப் போலப் பல மடங்கு பேர் அங்கே குளிக்கிறார்கள், உண்கிறார்கள், வண்டி நிறுத்த இடம் தேடுகிறார்கள். குடிநீர், கழிவுநீர், சாலை அகலம் எல்லாவற்றுக்கும் குடியிருப்போர் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொள்ளும் திட்டமுறை இங்கே முதல் கணக்கிலேயே பிசகுகிறது. இரண்டாவது பிசகு இதைவிட ஆழமானது. இக்கட்டுரை அதைப் பற்றியது. திட்டத்தின் எல்லை உள்ளாட்சியின் எல்லையாகவும், அனுமதியின் எல்லை மனையின் எல்லையாகவும் நின்றுவிட, நீர் வரும் வழி இரண்டுக்கும் வெளியே விடப்படுகிறது.

பேரருவி குற்றாலம் பேரூராட்சியில் விழுகிறது. பழைய குற்றால அருவி ஆயிரப்பேரி ஊராட்சியைச் சேர்ந்தது. செண்பகாதேவி அருவியும் தேனருவியும் காட்டுக்குள் இருக்கின்றன. கீழே காசிமேஜர்புரம் ஊராட்சி, மேலகரம், இலஞ்சி பேரூராட்சிகள், அப்பால் தென்காசி நகராட்சி. பேரருவியின் நீர் சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. இந்த ஒரே நீரோட்டத்தின் மீது வனத்துறை, நீர்வளத் துறை, வருவாய்த் துறை, நெடுஞ்சாலைத் துறை, கோயில் நிர்வாகம், உள்ளாட்சிகள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு அதிகாரம் உண்டு. முழு ஓட்டத்துக்கும் பொறுப்பான ஒற்றைத் திட்ட வரைபடம் வேண்டும் என்பதே என் வாதம்.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். மழை பெய்தது மேலே காட்டில். மக்கள் நின்றது கீழே ஊராட்சிக்குள். இதை வானிலை எச்சரிக்கையின் குறையாக மட்டும் பார்ப்பது போதாது. அருவிக்கரையிலிருந்து கூட்டம் வெளியேறும் படிக்கட்டின் அகலம், அந்தப் பாதையில் கடைகள் எவ்வளவு நீட்டிக்கொள்ளலாம், வாகன நிறுத்தம் நீர்ப்போக்கிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் ஆகிய யாவும் நகரமைப்புக் கேள்விகள். ஒரு விடுதிக்குப் பக்க இடைவெளியை மீட்டர் கணக்கில் அளக்கும் நாம், ஆயிரக்கணக்கானோர் நிற்கும் அருவித்தளத்துக்கு அந்தக் கண்டிப்பைக் காட்டுவதில்லை. 2023இல் குற்றாலத்தில் கோயில் அருகிலிருந்த தற்காலிகக் கடைகள் தீப்பிடித்து எரிந்ததும் இதே கேள்வியைத்தான் எழுப்பியது. சீசன் வியாபாரிகளை விரட்டுவது இதற்கு விடையாகாது. அவர்களுக்கு ஆண்டு முழுமைக்குமான வருமானம் அந்தச் சில மாதங்களில்தான் வருகிறது. ஆண்டுதோறும் தற்காலிகமாகவே வந்துபோகும் கடைகளுக்கு, வழியும் இடைவெளியும் கணக்கிட்டு வரைந்த நிலையான இடம் வேண்டும்.

சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. சென்னை மாகாணத்தின் 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்துக்குப் பின் வந்த 1971ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், பல உள்ளாட்சிகளைச் சேர்த்து ஒரே திட்டப்பகுதியாக அறிவிக்க இடம் தருகிறது. மண்டலத் திட்டம், முழுமைத் திட்டம், விரிவு வளர்ச்சித் திட்டம் என்று படிநிலைகளும் வகுத்திருக்கிறது. நடைமுறையிலோ, 49ஆம் பிரிவின்படி மனை மனையாக வழங்கும் திட்ட அனுமதியே நகர் ஊரமைப்புத் துறையின் அன்றாட வேலையாகியிருக்கிறது. விண்ணப்பத்தோடு வருவது புல வரைபடமும் பட்டாவும். ஓடை புறம்போக்காகப் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். மழைக்காலத்தில் மட்டும் ஓடி, பட்டா நிலத்துக்குள்ளேயே மறையும் மலையடி ஓடை அந்தப் படத்தில் இல்லாமலே போகலாம். நூறு ஆண்டுகளுக்கு முன் இம்மாகாணத்து ஊர்களைச் சுற்றிப்பார்த்த நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ், முதலில் ஊரை ஆய்ந்தறிய வேண்டும், பிறகே திட்டம் என்றார். குற்றாலத்தைப் பொறுத்தவரை அந்த ஆய்வு ஓடைகளிலிருந்து தொடங்க வேண்டும்.

2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இயற்கை நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த தனியார் விடுதிகள் மீது நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. வேண்டிய தீர்ப்புதான். ஆனால் நீதிமன்றம் தலையிடுவது நீர் திரும்பிய பிறகு. அதற்கு முன்பே தடுக்க வேண்டுமானால் அனுமதி தரும் அலுவலரின் மேசையில் ஓடை வரைபடம் இருந்தாக வேண்டும்.

அடிவாரத்து நன்செய் மனைகளாவதிலும் இதே கதைதான். அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டு விதிகள் நீர்நிலைகளில் அமைந்த மனைகளை விலக்கின. நூறு மனைகள் சேர்ந்து ஒரு தாழ்நிலத்தின் வடிகாலை மாற்றிவிடுவதை அளக்க அவற்றில் வழியில்லை.

மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990 முதல் இருக்கிறதே என்று கேட்கலாம். அது பட்டியலிட்ட வருவாய்க் கிராமங்களைக் காக்கிறது. பட்டியல் முடியும் கிராம எல்லையில் நீர் முடிவதில்லை. பெரிய திட்டப்பகுதி ஊராட்சிகளின் உரிமையை விழுங்கும் என்ற அச்சமும் நியாயமானது. அதற்கு விடை 74ஆவது அரசியலமைப்புத் திருத்தத்திலேயே உள்ளது. அது வகுத்த மாவட்டத் திட்டக் குழுவில் ஐந்தில் நான்கு பங்கினர் உள்ளாட்சிப் பிரதிநிதிகளிடையே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். 2019 நவம்பரில் செயல்படத் தொடங்கிய தென்காசி மாவட்டத்துக்குள் இந்த உள்ளாட்சிகள் அனைத்தும் அடங்குவதால், ஆயிரப்பேரியும் தென்காசியும் ஒரே மேசையில் அமர்ந்து சிற்றாற்றைப் பேச முடியும்.

திட்டம் வரைவோர் ஒன்றில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். ஓடைக்கரைகளைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கிக் கையகப்படுத்துவதாகத் திட்டம் எழுதினால், அதே 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி மூன்றாண்டுகளுக்குள் அந்நடவடிக்கை தொடங்காதபோது நிலம் ஒதுக்கீட்டிலிருந்து தானே விடுபட்டுவிடும். ஆகவே கரையோரப் பட்டா நிலத்தை உரிமையாளரிடமே விட்டு, அங்கே தோப்பும் பயிரும் தொடர அனுமதித்து, கட்டடத்துக்கு மட்டும் ஓடையிலிருந்து குறித்த தொலைவை விதியாக்குவதே நிலைக்கும். அந்தத் தொலைவை ஊர்தோறும் ஒரே எண்ணாக வைக்காமல், ஒவ்வொரு ஓடையிலும் வெள்ளம் ஏறிய தடத்தை மழைக்காலத்தில் நேரில் அளந்து குறிக்க வேண்டும்.