கைப்பிடியும் விசைப்பலகையும்

ரயில் ஓட்டும் கணினி விளையாட்டில் எந்த விசைக்கு எந்த வேலை என்று வகுத்துக்கொள்வதை வெறும் வசதி சார்ந்த விஷயமாகவே பலரும் கருதுகின்றனர். ஆனால் ரயில் ஓட்டுநரின் கைகளுக்கு நேர்ந்த மாற்றங்களின் வரலாறும் அதில் பதிந்திருப்பதை நாம் காணலாம்.

நீராவி எஞ்சினில் ஓட்டுநரின் கைப்பிடி, இணைப்புக் கம்பிகள் வழியே வால்வையே நேரடியாகத் திறந்தது. தொடக்ககால மின்வண்டிகளிலும் மோட்டாருக்கான மின்னோட்டம் ஓட்டுநர் திருப்பிய கருவியின் ஊடாகவே பாய்ந்தது. 1897இல் சிகாகோவின் உயர்மட்ட ரயிலில் ஃப்ராங்க் ஸ்ப்ரேக் அமைத்த முறை இதனை மாற்றிற்று. கைப்பிடி கட்டளையை மட்டும் அனுப்ப, ஒவ்வொரு பெட்டியிலும் இருந்த கருவிகள் அதனை நிறைவேற்றின. கணினி விசையின் மூதாதை என இதனை நாம் சொல்லலாம்.

ஜப்பானிய மின்ரயில்களில் இடக்கை வேகத்துக்கு, வலக்கை பிரேக்குக்கு என்ற ஏற்பாடு நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது. 1996இல் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'டென்ஷா டி கோ' விளையாட்டு இயந்திரத்திலும் அவ்விரு கைப்பிடிகளே இருந்தன. 'ஓபன் பிவிஇ' மென்பொருளிலோ அவை விசைகளாயின. இடப்புறம் இசட், ஏ; வலப்புறம் காற்புள்ளி பிரேக்கை விடுவிக்கும், முற்றுப்புள்ளி இறுக்கும், சாய்கோடு அவசர பிரேக். கைப்பிடியை வலப்பக்கம் திருப்பத் திருப்ப பிரேக் இறுகி, முடிவில் அவசர நிலை வரும் அதே வரிசை இது. 2001இல் வந்த மைக்ரோசாஃப்டின் ரயில் விளையாட்டும் வேகத்தை இடக்கைக்கும் பிரேக்கை வலக்கைக்குமே தந்தது.

இவற்றையெல்லாம் அம்புக்குறி விசைகளுக்கு மாற்றி ஒற்றைக் கையால் ஓட்டுவோர் உண்டு. அது மரபை மீறுவதாகுமா? 1969இல் ஜப்பானின் டோக்கியூ 8000 வரிசை ரயில்களே ஒற்றைக் கைப்பிடிக்கு மாறிவிட்டன. இழுத்தால் வேகம், தள்ளினால் பிரேக். அத்தகைய ரயிலுக்கு ஒரு கையே பொருத்தம். ஆனால் பழைய ரயிலில் இடக்கை வேகத்தை முற்றும் விலக்கிய பின்னரே வலக்கை பிரேக்கைத் தொடும். அந்தச் சிறு இடைவெளியை அளந்து கையாள்வதில்தான் ஓட்டுநரின் தேர்ச்சி இருந்தது. ஒற்றைக் கை அமைப்பில் அது சுவடின்றி மறைந்துவிடும்.

ஆகவே எல்லா ரயில்களுக்கும் ஒரே விசையமைப்பு என்று வைத்துக்கொள்ளாமல், ஓட்டப்போகும் ரயில் எக்காலத்தது என்று பார்த்து அமைத்துக்கொள்வதே நலம். பழைய கைப்பிடியை அருங்காட்சியகத்தில் வைத்துக் காக்கலாம். கையின் பழக்கத்தை அவ்வாறு காக்க இயலாது, யாரேனும் அதனைச் செய்துபார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.