ஒரு கடிதமும் தொண்ணூற்றொரு புள்ளிகளும்

1980களின் இறுதியில் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் ஒரு பால் விளம்பரம் வந்தது. ஆடிக் களைத்த இரு சிறுவர்கள். பால் குடிக்காவிட்டால் அக்ரிங்டன் ஸ்டான்லிக்கு ஆடத்தான் லாயக்காவாய் என்று லிவர்பூல் வீரர் இயான் ரஷ் தன்னிடம் சொன்னதாக ஒருவன் கூறுகிறான். அது யார் என்று மற்றவன் கேட்கிறான். அதைத்தான் சொல்கிறேன் என்பதுபோல் முதலாமவன் பதிலளிக்கிறான். நாடே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு சிறுநகரத்தின் கால் நூற்றாண்டுத் துயரம் இருந்தது என்பதைச் சிரித்தவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்?

அக்ரிங்டன், லங்காஷயரின் பருத்தி ஆலை நகரங்களில் ஒன்று. செங்கல்லுக்கும் நெசவு இயந்திரங்களுக்கும் பெயர்பெற்றது. முதல் உலகப் போரில் அவ்வூர்ப் பெயர் தாங்கிய படைப்பிரிவு 1916 ஜூலை 1 அன்று பிரான்சின் செர் கிராமத்தின் முன் தாக்குதலில் இறங்கியது. சுமார் 720 பேரில் 584 பேர் அரைமணி நேரத்திற்குள் மாண்டனர், காயமுற்றனர் அல்லது காணாமற்போயினர். இழப்பைப் பெயர்களாக நினைவில் வைத்திருக்கும் பழக்கம் அந்நகருக்குக் கால்பந்தினால் வந்ததல்ல.

1888இல் உலகின் முதல் கால்பந்து லீக் தொடங்கியபோது அதன் பன்னிரண்டு நிறுவன கிளப்புகளில் ஒன்று அக்ரிங்டன். அது 1893இல் லீக்கிலிருந்து விலகிச் சில ஆண்டுகளில் மறைந்தது. அதே ஊரின் ஸ்டான்லி தெருவை மையமாகக் கொண்டு எழுந்த வேறொரு அணிதான் அக்ரிங்டன் ஸ்டான்லி. 1921இல் அது லீக்கின் மூன்றாம் டிவிஷனில் இடம்பெற்றது. ஆக, நாம் பேசும் கிளப்பே முதலில் ஒரு வாரிசுதான்.

1950களின் நடுப்பகுதியில் ஸ்டான்லி நன்றாகவே ஆடியது. ஆனால் அக்கம்பக்கத்தில் பர்ன்லி, பிளாக்பர்ன் என்று இரண்டு பெரும் கிளப்புகள். 1960இல் பர்ன்லி இங்கிலாந்தின் சாம்பியன். பிளாக்பர்ன் அதே ஆண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியை எட்டியது. பேருந்து ஏறினால் முதல்தர ஆட்டம் காணலாம் என்னும்போது உள்ளூர் பீல் பார்க்கில் யார் நிற்பார்கள்? இந்நிலையில் நிர்வாகம் தெற்கே ஆல்டர்ஷாட்டில் ராணுவக் கண்காட்சிக்குப் பயன்பட்ட பார்வையாளர் கூடம் ஒன்றை 1958இல் விலைக்கு வாங்கியது. வாங்கிய விலையைவிட அதைக் கழற்றிக் கொண்டுவந்து நிறுத்திய செலவு பல மடங்காயிற்று. அங்கிருந்து ஆடுகளம் சரியாகத் தெரியவில்லை என்றும் சொல்வார்கள். 1960இல் அணி நான்காம் டிவிஷனுக்கு இறங்கியது. 1962இன் தொடக்கத்தில் கடன் சுமார் 60,000 பவுண்டு.

1962 மார்ச் 2 அன்று குரூவில் 4-0 என்று தோற்றதே அவர்களின் கடைசி லீக் ஆட்டம். கடன்காரர்களின் கூட்டத்திற்குப் பர்ன்லியின் தலைவர் பாப் லார்ட் ஆலோசகராக அழைக்கப்பட்டிருந்தார். மீட்சிக்கு வழியில்லை என்பதே அவர் பேச்சின் சாரம். அவரது நோக்கம் குறித்த ஐயம் அவ்வூரில் நெடுநாள் நீடித்தது. லீக் நிர்வாகத்திற்கு ராஜினாமாக் கடிதம் போயிற்று. உடனே உதவி செய்ய ஆட்கள் முன்வந்தார்கள். கிளப் தன் கடிதத்தைத் திரும்பப் பெற முயன்றது. லீக் இசையவில்லை. அந்தப் பருவத்தில் ஸ்டான்லி ஆடிய 33 ஆட்டங்களின் முடிவுகளும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. ஆடியதே ஆடாததாகிவிட்டது!

அன்றைய முறையை இங்கே நினைவுபடுத்த வேண்டும். லீக்கிற்குள் நுழைவது வெற்றியால் அல்ல, வாக்கால். கடைசி இடங்களில் முடித்தவர்கள் மறுதேர்வுக்கு விண்ணப்பிப்பார்கள். வெளியே நிற்பவர்கள் ஆதரவு தேடி அலைவார்கள். ஸ்டான்லி காலிசெய்த நாற்காலி 1962 கோடையில் அவ்வாறே ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட்டிற்கு அளிக்கப்பட்டது. ஸ்டான்லி சிறிய போட்டிகளில் ஒதுங்கி, 1966இல் முற்றாகக் கலைந்தது.

1968இல் ஒரு தொழிலாளர் மனமகிழ் மன்றத்தில் கூடியவர்கள் அதே பெயரில் புதிய கிளப் ஒன்றை உருவாக்கினார்கள். 1970இல் கிரவுன் மைதானத்தில் ஆட்டம் தொடங்கியது. பீல் பார்க் போய்விட்டது. லீக் இடமும் போய்விட்டது. பெயர் ஒன்றுதான் மிச்சம். 1987இல்தான் வெளி லீக்கின் சாம்பியனுக்கு உள்ளே செல்லும் வழி விதியாகத் திறக்கப்பட்டது. ஸ்டான்லிக்கு அந்த வழியின் வாசலை எட்டவே மேலும் பதினாறு ஆண்டுகள் பிடித்தன.

1995இல் எரிக் வாலி பொறுப்பேற்றார். 1999இல் ஜான் கோல்மன் மேலாளராக வந்தார். 2000இலும் 2003இலும் பதவி உயர்வு. முன்பு ஸ்டான்லியில் ஆடிய பிரெட் ஆர்மரோடை 2001இல் பிளாக்பூல் கிளப் சவுத்தாம்டனுக்கு விற்றபோது, பழைய ஒப்பந்தத்தின்படி அத்தொகையில் ஒரு பங்கு இங்கே வந்து சேர்ந்தது. ஆல்டர்ஷாட்டின் கூடத்தில் பணத்தைக் கொட்டிய ஊர், விற்பனைப் பத்திரத்தின் ஒரு ஷரத்தினால் மூச்சு விட்டது.

பிறகு 2005-06 பருவம். 42 ஆட்டங்கள்: 28 வெற்றி, 7 சமன், 7 தோல்வி, 91 புள்ளிகள். இரண்டாம் இடத்து ஹெரிஃபோர்டு 80 புள்ளிகளோடு நின்றது. 2006 ஏப்ரலில் வோக்கிங் மைதானத்தில் 1-0 என்ற வெற்றியோடு, சில ஆட்டங்கள் மீதமிருக்கையிலேயே முதலிடம் உறுதியாயிற்று. ஒரு கோல் போதுமானதாக இருந்தது. எவரிடமும் வாக்குக் கேட்கவில்லை. எவருடைய கடிதமும் தேவைப்படவில்லை. நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் கடிதத்தால் இழந்ததை அவர்கள் புள்ளிக்கணக்கால் மீட்டார்கள்.

மூன்று வாரங்கள் கழித்து, மே 6 அன்று, ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட் சொந்த மண்ணில் லேட்டன் ஓரியன்டிடம் 3-2 என்று தோற்றது. ஓரியன்ட் மேல் டிவிஷனுக்கு ஏறியது. ஆக்ஸ்ஃபோர்டு லீக்கை விட்டே வெளியேறியது. ஸ்டான்லியின் நாற்காலியில் அமர்ந்த அதே ஆக்ஸ்ஃபோர்டு! ஒரு நாவலாசிரியன் இப்படி எழுதினால் செயற்கை என்று நாமே ஒதுக்கியிருப்போம். ஆனால் இதைப் பழிவாங்கலாகக் காண நமக்கு விருப்பமில்லை. 1962இல் ஆக்ஸ்ஃபோர்டு எந்தத் தவறும் செய்யவில்லை. 2006இல் அதன் ரசிகர்கள் அழுதபடி வெளியேறியதும் அதே வகைத் துயரம்தான். நான்கு ஆண்டுகளில் அவர்களும் திரும்பினார்கள்.

சட்டத்தின் கண்ணில் 2006இன் ஸ்டான்லி 1962இன் ஸ்டான்லி அல்ல. மைதானமும் நிர்வாகமும் வீரர்களும் வேறு. எனினும் அது வேறு கிளப் என்று அவ்வூரில் எவரிடமும் சொல்லிப் பாருங்கள். தொடர்ச்சி என்பது பத்திரங்களில் இருப்பதில்லை, அதைச் சுமக்கச் சம்மதிக்கும் மனிதர்களிடம் இருக்கிறது என்றே நாம் கருதுகிறோம். 1968இல் அந்த மன்றத்தில் கூடியவர்கள் எளிதாக வேறொரு பெயரைச் சூட்டியிருக்கலாம். தோல்வியும் கடனும் ஒட்டிய பெயரைத்தான் தேர்ந்தார்கள்.

ஸ்டான்லி 2018இல் மேலும் ஒரு டிவிஷன் ஏறி, 2023இல் இறங்கியது. ஏறுவதும் இறங்குவதும் இனி ஆடுகளத்தில்தான். அது யார் என்று விளம்பரச் சிறுவன் கேட்ட கேள்விக்கு 91 புள்ளிகளை ஒரு விடையாகக் கொள்ளலாம்.