கமராவின் கண்ணும் மனிதனின் கண்ணும்

படம் எடுப்பவர் எதனைப் பார்த்துப் படம் எடுக்கிறார்? எதிரே நிற்கும் பொருளைத்தான் என்று எவரும் விடை கூறுவர். ஆயினும், நிழற்படக் கலையின் வரலாற்றில் மிக நீண்ட காலம், கமராவின் வில்லை காண்பதனை அது காணும் அதே கணத்தில் காண்பதற்கு அவருக்கு வழி இருக்கவில்லை.

1839ஆம் ஆண்டிலே டாகேரின் முறை பிரான்சில் வெளியிடப்பட்டபோது, கமராவின் பின்புறத்தில் மங்கலான கண்ணாடித் தகடு ஒன்றே இருந்தது. கறுப்புத் துணியால் தலையை மூடிக்கொண்டு நோக்கினால் அதில் உருவம் தலைகீழாகத் தெரியும். வில்லை காட்டும் காட்சி அதுவே, ஐயமில்லை. ஆனால் படத்தகட்டை உள்ளே வைத்ததும் அக்காட்சி மறைந்துவிடும். எதிரே அமர்ந்தவர் அசையாதிருந்தால் படம் பிழைத்தது.

1888இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதற் கொடாக் கமராவிலோ பார்ப்பதற்கென ஒரு துவாரமே கிடையாது. பெட்டியின் மேற்புறத்தில் ஆப்பு வடிவில் இட்ட கோடுகளின் திசையை நோக்கிக் குறிவைத்து, நூறு படங்கள் வரை எடுக்கவேண்டும். பின்னர் வந்த சிறு கமராக்களில் நோக்குவதற்கெனத் தனிச் சாளரம் அமைந்தது. 1925இல் ஜேர்மனியில் அறிமுகமான லைக்கா அவ்வகையில் புகழ்பெற்றது. ஆனால் சாளரம் ஓரிடத்திலும் வில்லை வேறோரிடத்திலும் இருந்தமையால், அண்மையில் உள்ள பொருளை இரண்டும் ஒருபடித்தாய்க் காண்பதில்லை. குடும்பப் படங்களிலே தலை வெட்டுண்ட பாட்டனார்களை நேயர்கள் கண்டிருப்பர், குற்றம் பாட்டனாருடையதன்று.

வில்லை வழியாகவே பார்த்தால் என்ன? ஆங்கிலேயரான தோமஸ் சட்டன் 1861இலேயே இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். வில்லைக்குப் பின்னே சாய்வாக வைத்த கண்ணாடி ஒளியை மேலே திருப்பும். படம் எடுக்கும்போது அது விலகிக்கொள்ளும். 1936இல் டிரெஸ்டென் நகரத்து எக்சாக்டா இதனை 35 மில்லிமீற்றர் பிலிமுக்குக் கொண்டுவந்தது. எனினும் குனிந்து பார்க்கவேண்டும். இடமும் வலமும் மாறித் தோன்றும். வலப்புறம் ஓடும் குதிரையைப் பின்தொடர முயன்றவர் கை இடப்புறம் போகும். 1949இல் அதே நகரில் உருவான கொன்டாக்ஸ் எஸ், ஐங்கோண அரியம் ஒன்றினால் இக்குறையை நீக்கிற்று. கண்ணருகே வைத்து, நேராக, இடம் வலம் மாறாமற் பார்க்கலாயிற்று.

இவ்வெற்றிக்கும் ஒரு விலை இருந்தது. படம் பதிவாகும் கணத்தில் கண்ணாடி மேலெழுகிறது. நோக்குபவரின் கண்முன் இருள் கவிகிறது. பழைய கமராக்களில் அடுத்த படத்திற்குப் பிலிமைச் சுற்றும்வரை அவ்விருள் நீங்காது. யப்பானிய அசாஹி நிறுவனம் 1954இல் வெளியிட்ட கமராவிலே கண்ணாடி உடனே கீழிறங்கிற்று; இருள் குறுகியதேயன்றி அகலவில்லை. ஆகவே, பந்து மட்டையிற் படுவதைத் துவாரத்திலே தெளிவாகக் கண்டவர், அக்கணத்தைத் தாம் தவறவிட்டார் என்றே அறிந்துகொள்ளலாம். காணாததே பதிவானது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்திப் படப்பிடிப்பாளர் பலர் இம்முரண்பாட்டோடு வாழ்ந்தனர்.

2008இல் பனசொனிக் வெளியிட்ட ஜி1 கண்ணாடியை முற்றாக அகற்றிவிட்டது. ஒளியை உணரும் தகடு தான் பெற்றதை மின்சமிக்ஞையாக்கி, கண்ணருகே உள்ள சிறு திரையிற் காட்டுகிறது. தொடக்க காலத் திரைகள், மங்கிய ஒளியில் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தன. ஓடும் பொருள் திரையிற் சற்றே பிந்தி வந்தது. ஒளியியல் முறையில் பழகியோர் முகம் சுளித்ததில் நியாயமுண்டு. ஆனால் படம் எவ்வளவு வெளிச்சமாய் விழுமென முன்கூட்டியே தெரிந்தது பெரும் பேறன்றோ? 2017இல் சோனியின் ஏ9 படம் பதிவாகும்போதும் காட்சி அறாதிருக்கச் செய்தது. அடுத்த ஆண்டே நிக்கொன், கனொன் ஆகிய இரு பெரு நிறுவனங்களும் முழு அளவுத் தகடுடைய கண்ணாடியற்ற கமராக்களை வெளியிட்டன.

வில்லையின் காட்சியையும் பதிவாகும் கணத்தையும் ஒருங்கே காணும் பழைய ஆவல் இவ்வாறு நிறைவேறிற்று. அதற்கு ஈடாகக் கைவிட்டதும் சிறிதன்று. கண்ணை அடைவது எதிரே நிற்கும் முகத்திலிருந்து வந்த ஒளியன்று. அவ்வொளியைக் குறித்துத் தகடு தரும் அறிக்கையே. வெயிலின் கூசலும் நிழலின் ஆழமும் அதில் இயந்திரத்தின் தீர்ப்புக்கு உட்பட்டவை. மின்கலம் தீர்ந்தால் திரை இருண்டுவிடும். 1954ஆம் ஆண்டின் லைக்கா எம்3 கமராவுக்கோ மின்கலமே இல்லை. அதன் சாளரத்திலே எடுக்கப்போகும் படத்தின் எல்லைக் கோடுகளும், அவற்றுக்கு அப்பாலிருந்து நடந்து வருபவரும் இன்றும் தெரிகின்றனர்.