தோன்றா எழுவாயும் ஜாவாவின் ‘வார்’ சொல்லும்

‘வந்தேன்’ என்றால் போதும், ‘நான்’ வேண்டியதில்லை. வினையின் விகுதியே எழுவாயைச் சொல்லிவிடுகிறது. தமிழ் இலக்கணம் இதைத் தோன்றா எழுவாய் என்கிறது. நிரல்மொழிகளும் இத்தகைய சிக்கனத்தை நெடுநாளாக நாடி வந்திருக்கின்றன. ஒரு மாறி தாங்குவது எண்ணா, எழுத்துச் சரமா என்பதே அதன் வகை. எழுதாத வகையைக் கம்பைலரே உய்த்துணர வேண்டும் என்பது அங்குள்ள கனவு.

வகை குறிக்கப்படாத தருக்கக் கோவைக்கும் மிகப் பொதுவான வகையைக் கணித்துவிடலாம் என்று 1969இல் ரோஜர் ஹிண்ட்லி காட்டினார். எடின்பரோவில் எம்எல் மொழியை உருவாக்கிய ராபின் மில்னர், 1978இல் தனி வழியில் அதே முடிவை அடைந்தார். 1982இல் லூயிஸ் டமாஸ் அவருடன் இணைந்து அம்முறைக்கு நிறுவல் தந்தார்.

ஜாவாவோ எல்லாவற்றையும் எழுதச் சொன்ன மொழி. 2004இல் ஜெனரிக்ஸ் வந்தபோது, சொற்பட்டியல் ஒன்றை அமைக்கச் சமக்குறியின் இருபுறமும் ‘ஸ்ட்ரிங்’ என்று எழுத நேர்ந்தது. ‘நான் வந்தேன் நான்’ என்பது போல. 2011இல் ஜாவா 7 வலப்புறத்துக்கு விலக்களித்தது: கோண அடைப்பை வெறுமையாக விடலாம். அதன் வடிவம் கருதி ‘டைமண்ட்’ என்றார்கள். 2018இல் ஜாவா 10 இடப்புறத்துக்கு விலக்களித்தது: வகைப்பெயருக்கு மாற்றாக ‘வார்’ என்றால் போதும்.

இரு சலுகைகளையும் ஒரே வரியில் எடுத்துக்கொண்டால்? கம்பைலர் தடுப்பதில்லை. சான்று எதுவும் எஞ்சாததால், உறுப்புகளின் வகையை அனைத்து வகுப்புகளுக்கும் மூலமான ‘ஆப்ஜெக்ட்’ என்று கொண்டுவிடுகிறது. ‘வரவில்லை’ என்று மட்டும் சொன்னால் நானா, அவளா, அவர்களா என்று தெரியாதது போலத்தான். அங்கே விகுதி இல்லை.

என் சொல்லடைவு நிரலில் அப்படி ஒரு வரி எழுதியிருந்தேன். சொற்களோடு பக்க எண்களும் பட்டியலில் கலந்தன. கம்பைலர் வாய் திறக்கவில்லை. அச்சிட்டுப் பார்த்தபோதே தெரிந்தது. ‘வார்’ வந்த அதே ஆண்டில் ஜாவாக் குழுவின் ஸ்டூவர்ட் மார்க்ஸ் எழுதிய நடைநெறிகள் இந்தச் சேர்க்கையைப் பெயர் சொல்லியே எச்சரித்திருக்கின்றன. நான் பின்னரே படித்தேன்.

இப்போது ‘வார்’ஐ வைத்துக்கொண்டு அடைப்புக்குள் ‘ஸ்ட்ரிங்’ என எழுதுகிறேன். உடன் ஆய்வு செய்யும் நண்பர் மறுதலையாக, இடப்புறம் வகையை எழுதி வலப்புறத்தை வெறுமையாக விடுவார். அவர் கட்சியே வலுவானது போலும்: அவருடைய மாறிக்கு ‘லிஸ்ட்’ என்ற பொதுப்பெயரே நிற்கிறது, என்னுடையதில் ‘அரேலிஸ்ட்’ என்ற குறிப்பிட்ட வகுப்பு ஒட்டிக்கொள்கிறது.