அதிகாலை 4 மணிக்குக் குளத்தங்கரையில் நில்லுங்க... மீன்வளம் படிக்கிறவங்களுக்கான களப்பயிற்சி கைடு!

'மீன் பிடிக்கிறதுக்கெல்லாம் காலேஜா?' என்று கேட்கிற மாமா எல்லார் வீட்டிலும் ஒருத்தர் இருப்பார். தூத்துக்குடியில் 1977-லேயே மீன்வளக் கல்லூரி வந்துவிட்டது என்று அவருக்குச் சொல்லிப் பாருங்கள். ஆனாலும் அவர் கேள்விக்கு நிஜமான பதில் வகுப்பறையில் இல்லை. நீங்க கிராமத்திலும் பண்ணையிலும் தங்கிச் செய்யும் களப்பயிற்சியில்தான் இருக்கு.

பலர் அங்கே கோட்டைவிடுவது ஒரே விஷயத்தில்தான். காலை 10 மணிக்குப் போய், வெயிலில் மினுங்கும் குளத்தோட செல்ஃபி எடுத்து, ரெக்கார்டு நோட்டை நிரப்பிட்டு வந்துடுவாங்க. அந்த நேரத்தில் எந்தக் குளமும் ஆரோக்கியமாத்தான் தெரியும்!

பகலில் தண்ணீரில் இருக்கும் நுண்பாசிகள் ஆக்ஸிஜனை உண்டாக்கும். இருட்டினதும் அதே பாசியும் மீன்களோடு சேர்ந்து ஆக்ஸிஜனைச் சுவாசிக்க ஆரம்பிக்கும். அதனால் விடியலுக்குச் சற்று முன்னாடிதான் அளவு அடிமட்டத்துக்குப் போகும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் கெண்டை மீன்களுக்கு நிம்மதி. 3-க்குக் கீழே இறங்கினா ஆபத்து. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மேகமூட்டமான நாளுக்கு அடுத்த விடியல் இன்னும் மோசம். கடன் வாங்கி மீன் வளர்த்தவரின் மொத்த வளர்ப்பும் ஒரே ராத்திரியில் மிதக்கிறது இப்படித்தான். அந்த நேரத்தில் தீவனம் போடக் கூடாது; ஏரேட்டரை ஓடவிடணும், இல்லைன்னா மோட்டார் போட்டு நல்ல தண்ணீரைப் பீய்ச்சணும். இதை நீங்க ஒருமுறையாவது கண்ணால் பார்த்திருக்கணும்.

தீவனக் கணக்கும் இங்கேதான் வந்து முட்டும். குளத்தில் 1,000 மீன், சராசரி எடை 200 கிராம் என்றால் மொத்தம் 200 கிலோ. உடல் எடையில் 2 சதவிகிதம் என்று வைத்தால் தினம் 4 கிலோ தீவனம். வலையில் மாட்டின பெரிய மீன்களை மட்டும் எடை போட்டு 300 கிராம்னு எழுதினீங்கன்னா, கணக்கு 6 கிலோ ஆகிவிடும். மிச்ச 2 கிலோ அடியில் அழுகி, அதுவும் ஆக்ஸிஜனைத் தின்னும். நோட்டில் நீங்க செய்த பிழைக்குப் பண்ணைக்காரர் காசு கட்டுவார்.

குஞ்சுப் பொரிப்பகத்தில் இடம் கிடைத்தால் விடாதீங்க. ஒரு காலத்தில் கட்லா, ரோகு குஞ்சுகளை ஆற்றில்தான் சேகரிக்கணும். 1957 ஜூலை 10-ம் தேதி, ஹீராலால் சௌத்ரி ஹார்மோன் ஊசி மூலம் கெண்டைகளை முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். சினைமீனை எடை போட்டு, மருந்தளவு பார்த்து, ஈரக் கையால் நோகாமல் பிடித்து ஊசி போடுவது யூடியூப் பார்த்து வராது. குஞ்சுப் பையைக் குளத்துக்குக் கொண்டுவந்ததும் அப்படியே கவிழ்க்காதீங்க. 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு, குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே சேர்த்து, குஞ்சுகள் தானா வெளியே நீந்தட்டும்.

மீன்வள மேலாண்மைப் பக்கம் போறவங்களுக்குக் களம், மீன் இறங்குதளம். எந்தப் படகில் என்ன மீன், எத்தனை சென்டிமீட்டர், வலையில் குஞ்சுகள் எவ்வளவு என்று அளந்து எழுதணும். கடலில் மீன்வளம் கூடுதா, குறையுதா என்ற மதிப்பீடு இந்த மாதிரி அளவுகளில் இருந்துதான் வருது. நம்ம கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகுகள் போகாது. பயிற்சித் தேதியை அதுக்கேத்த மாதிரி கேட்டு வாங்குங்க. டீக்கடையில் உட்கார்ந்து எண்களை நிரப்புறதா இருந்தா, போகாமலே இருக்கலாம்.

கிளம்பும்போது டார்ச், தெர்மாமீட்டர், நனைஞ்சாலும் கிழியாத நோட்டு எடுத்துக்கோங்க. போன வருஷத் தீவனச் செலவு எவ்வளவுன்னு பண்ணைக்கார அண்ணனிடம் முதல் நாளே கேட்காதீங்க. நாலு விடியல் அவரோடு கரையில் நின்ற பிறகு கேளுங்க. கணக்கு நோட்டையே எடுத்துக் காட்டுவார்.